எர்த் கம்பிக்குச் சூடம் காட்ட வந்த லாரி

நாரணாபுரம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய பெத்தண மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் எழில் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, ஆட்டுக்குட்டி மூவரும் சுகம். அத்தைக்கு முட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். நான் பேசும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். சிக்னல் இருக்கிறது மாமா, என் குரல்தான் அப்படி.

விஷயம் இதுதான். நீங்கள் சொன்ன சாத்தூர் மாப்பிள்ளைக்கு நான் சம்மதிக்கிறேன். வேலை நிரந்தரமானால் இரண்டு வருடத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரமாகாது போலிருக்கிறது.

எங்கள் அச்சு மை கம்பெனிக்கு வாரம் இரண்டு டேங்கர் லாரியில் தின்னர் வரும், பெட்ரோல் மாதிரிப் பற்றிக்கொள்ளும் சரக்கு. அதைப் பத்திரமாக இறக்க வைப்பதுதான் என் வேலை. இறக்கி முடிக்கும் வரை லாரிச் சாவியை நான் வைத்திருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும், குழாயில் சரக்கு ஓடும்போது உண்டாகும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிட, தரையில் நட்ட செம்புக் கம்பியிலிருந்து எர்த் வயர் என்கிற ஒன்றை லாரியில் மாட்ட வேண்டும். இத்தனையையும், வகுப்பில் ஒரு நாளும் கை தூக்காத நான், மீசை வைத்த டிரைவர்களிடம் சொல்ல வேண்டும். லாரியை நிறுத்துகிற குரல் மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று மேனேஜர் மணிகண்டராஜ் சார் சொல்லிவிட்டார்.

டிரைவர்களில் செல்லப்பாண்டி அண்ணன் என்று ஒருவர், உங்கள் வயதிருக்கும். முதல் நாள் நான் சாவி கேட்கப் போய் நின்றதும், பிளாஸ்கைக் கையில் கொடுத்து ரெண்டு டீ என்றார். மறுக்கக் கூச்சப்பட்டு வாங்கி வந்தேன், சர்க்கரை கம்மி என்றார். எர்த் வயரை மாட்டினால், இருபது வருசமாக வயரை மாட்டியா இறக்கினேன் என்று கழற்றி அதில் ஈரத் துண்டைக் காயப்போட்டார். நான் மாட்ட, அவர் கழற்ற, நான் மாட்ட, இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒரு சரக்கு இறங்கும்போதுகூட நான் நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. போன வெள்ளிக்கிழமை இறக்கி முடித்ததும் அவர் புரோட்டா தின்னப் போனார், நான் அவருடைய சாவியைக் கைப்பையில் போட்ட ஞாபகமே இல்லாமல் கம்பெனி வேனில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். உங்களுக்குத்தான் தெரியுமே, வெடி ஆலையில் மருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டுப் பழகிய அப்பா, நம் வீட்டு வாசல் நிலையிலும் ஒரு தகடு அடித்து வைத்திருக்கிறார். "தொட்டுட்டு வாங்க" என்றார். எதுக்கு என்று இவர் கேட்டார். "உடம்புல இருக்க கரண்டு மண்ணுக்குப் போயிரும். தொடாமப் போன எங்க போர்மேன இன்னமும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அப்பா வடையை நீட்டினார். செல்லப்பாண்டி அண்ணன் வடையைத் தொடவே இல்லை. ஒரு மாதமாக நான் சொல்லி ஏறாதது அரை நிமிடத்தில் ஏறிவிட்டது. ஏறியதுதான் வினை.

நேற்று லாரி வந்தது. அவரே வயரை மாட்டினார், அவரே கட்டை போட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் பார்க்கிறேன், செம்புக் கம்பிக்குத் திருநீறு பூசி, குங்குமம் வைத்து, சம்பங்கி மாலை போட்டு, கீழே எலுமிச்சம்பழம் வைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறார். சரி, சாமியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பையிலிருந்து சூடத்தை எடுத்தார். தீப்பெட்டியை எடுத்தார். குழாய் வாயில் தின்னர் சொட்டிக்கொண்டிருக்கிறது மாமா.

"ஏலே செல்லப்பாண்டி, பத்த வைக்காதலே!"

நான்தான் கத்தினேன். தீப்பெட்டி அவர் கையிலிருந்து விழுந்தது. பக்கத்துக் காலண்டர் அச்சகத்தில் இருப்பவர்கள் பாதிப் பேர் வெடி ஆலையில் வேலை பார்த்தவர்கள், கத்தல் கேட்டால் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள், முதலில் ஓடுவார்கள். எழுபது பேர் இன்னும் கம்பி கோக்காத காலண்டரோடு கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டி வர மத்தியானமாகிவிட்டது. அச்சக முதலாளி சண்டைக்கு வந்தார். செல்லப்பாண்டி அண்ணன், "எங்கம்மாகூட என்னைய அப்பிடிக் கூப்பிட்டதில்ல" என்று சரக்கை இறக்காமல் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். போய் மன்னிப்புக் கேட்டேன். பழைய குரலில் கேட்டதால் அவருக்குக் கேட்கவில்லை. நாளைக் காலையில் வந்து பாரு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே சாத்தூருக்குச் சொல்லிவிடுங்கள். அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் ஆசியை மட்டும் எதிர்பார்க்கும்,
த. எழில்.

பி.கு. தபாலில் சேர்க்குமுன் மேனேஜரைப் பார்த்துவிட்டேன். நிரந்தர ஆர்டரைக் கையில் கொடுத்தார். செல்லப்பாண்டி அண்ணனையும் கூப்பிட்டு, "இந்தப் பிள்ள கத்தலேன்னா அந்தச் சம்பங்கி மாலை இன்னைக்கு ஒங்க போட்டோவுலதாண்ணே தொங்கும்" என்றார். அவர் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். அதனால் மேலே சம்மதம் என்று எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். சாத்தூரில் ஏற்கெனவே வாய்விட்டிருந்தால், பெண் ரொம்பச் சத்தக்காரி என்று சொல்லிவிடுங்கள். நம்பவில்லையென்றால் எழுபது சாட்சி அனுப்புகிறேன்.