இரண்டு தட்டினால் வண்டி கிளம்பும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான், உன் அத்தான், மகள் மூவரும் சுகம். வண்டியும் சுகம், பின்கதவில் மட்டும் ஒரு நசுங்கல், அதைப் பிறகு சொல்கிறேன். நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் புறப்பட்டால் திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பீர்கள்.

அந்தப் புல்வெளி வழியாகக் கோடை விடுமுறைக்குப் போகிறோம், என்னென்ன எடுத்துக்கொள்வது, எங்கெங்கே நிறுத்துவது என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். அதன் வழியாகப் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். நட்ட நடுவில் விட்டுவிட்டுப் போகப்பட்டவள் நம் குடும்பத்தில் நான் ஒருத்திதான்.

முதலில் பெட்ரோல். பங்க்கைக் கண்ட இடத்தில் போட்டுக்கொள். அடுத்ததில் பார்த்துக்கலாம் என்பது ஊருக்குள் பேசுகிற பேச்சு. அங்கே அடுத்தது என்று ஒன்று வருவதற்குள் உனக்கு நரை கண்டுவிடும். நிழல் கிடையாது. மரம் தெரிகிறதே என்று ஆசையாகப் போனால் அது தந்திக் கம்பமாக இருக்கும். இறங்குவது ஒரு நிமிஷத்துக்கானாலும் தண்ணீர் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கு. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். காலுக்குக் காலுறை போடாதே, ஒட்டுப்புல் முழுக்க அதில்தான் குடியேறும்.

எங்கள் பயணத்தின் காரணம் உனக்குத் தெரியும். புல்வெளிக்கு அந்தப் பக்கத்து ஊரில் எனக்குத் தலைமை நூலகர் வேலை வந்திருக்கிறது. அதைச் சொல்ல அலுவலகத்திலிருந்து கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். உன் அத்தான் போனை எடுத்து, "அவங்களுக்கு அது சரிப்படாதுங்க" என்று என் சார்பில் பதிலும் சொல்லி வைத்துவிட்டார். நான் திரும்பக் கூப்பிட்டு, இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கெடு வாங்கினேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்தான். தப்பு என்று அவர் வாயால் வர வேண்டும். அது வரும்வரை முன்சீட்டில் உட்காருவதில்லை என்று மகளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் தலையணையும் போர்வையுமாகக் குடியேறிவிட்டேன். இதிலிருந்து உனக்கு யோசனை: மனஸ்தாபத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போ. வண்டியில் அதற்கு எல்லாரையும் விட அதிக இடம் தேவைப்படுகிறது.

இனி நம் வீட்டு வழக்கம். அப்பா கண்டக்டராக இருந்த புண்ணியத்தில், கடைசியாக ஏறுகிறவர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் நம் வீட்டில் எந்த வண்டியும் நகரும். மாப்பிள்ளையாக வந்த புதிதில் உன் அத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓட்டியதும், "மாப்ள, ஓட்டுறவன் கண்ணு ரோட்டுல, காது தகரத்துல" என்று அப்பா அவரைப் பழக்கியதும் உனக்கு நினைவிருக்கும். அந்தப் பழக்கம் இன்றுவரை பிசகவில்லை. அன்று புல்வெளியின் நடுவில், இயற்கையின் அழைப்புக்காக நான் இறங்கினேன். வெயில் படாமலிருக்கத் தலையணையைப் போர்வையால் மூடி, மேலே என் தொப்பியையும் வைத்துவிட்டு, புல் உயரமாக இருந்த பக்கம் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு மாடு வந்தது. அதற்கு முதுகு அரித்ததோ, என்ன கோபமோ, பின்கதவில் ஒரு முட்டு முட்டியது. கொஞ்சம் யோசித்து இன்னொரு முட்டு. வண்டி கிளம்பிவிட்டது.

கத்தினேன். ஓடினேன். காற்று என் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்தது. போன் வண்டிக்குள். கையில் பாட்டிலும் மஞ்சள் துண்டும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் புல் சாய்வதும் நிமிர்வதுமாக இருக்க, நான் துணியில் ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு நின்றேன். முதலில் கோபம், அப்புறம் அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. யாரும் என் சார்பில் பதில் சொல்ல முடியாத ஓர் இடத்தில் இத்தனை வருஷத்துக்குப் பிறகு நிற்கிறேன் என்பது மெல்ல உறைத்தது. மாட்டைப் பார்த்து, "நான் அந்த வேலையில சேரப்போறேன்" என்று உரக்கச் சொன்னேன். அது மறுப்பேதும் சொல்லவில்லை. இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வண்டி திரும்பி வந்தது. வந்த வேகத்தில் என்னைத் தாண்டியும் போனது. ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுக்கிற நில அளவையாளருக்குப் பெண்டாட்டியை விட்ட இடம் தெரியவில்லை! நான் மஞ்சள் துண்டைத் தலைக்குமேல் சுழற்றிய பிறகுதான் நின்றது. ஆகவே பளிச்சென்ற துண்டு ஒன்று அவசியம். ஏறியதும் மகள் காதிலிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, அப்பா உன்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. நான் பாட்டு மாத்துறப்போ கேட்டேன். 'தப்புதான், ஒத்துக்கிறேன்'னு கண்ணாடியப் பாத்துச் சொன்னாரு."

"யார்கிட்டடி சொன்னாரு? நான் மாட்டுகிட்ட நின்னுட்டு இருந்தேன்!"

"தலையணைகிட்ட."

நான் அவரைப் பார்த்தேன். "இப்ப என்கிட்ட சொல்லுங்க."

"சொல்லியாச்சு. ஒரு தடவைதான் சொல்ல முடியும்."

போகும்போதும் சொல்லவில்லை, நூலகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் சொல்லவில்லை. நான் சேர்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் என்னோடு அந்த ஊருக்கு வருகிறாரா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் இப்போது உப்பு வேண்டும் புளி வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆகவே தம்பி, அக்கா அடித்துச் சொல்கிறேன்: இரண்டு தட்டை நம்பாதே. கிளம்புமுன் தலையைத் திருப்பி, தொப்பியைத் தூக்கி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார். பெண்டாட்டியை எந்தக் காரணத்துக்காகவும் புல்வெளியில் தனியாக விடாதே. மனதில் உள்ளதை ஆள் எதிரில் இருக்கும்போது மட்டும் சொல்.

போகும் பாதை நேராகவும், டயரில் காற்று குறையாமலும், இருவரும் பேசிச் சிரித்தபடியும் போய்வர அக்காவின் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையில் போடுவதற்குள் உன் அத்தான் இதை எடுத்துப் படித்துவிட்டார். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஒண்ணுதான் தப்பு. முதல் மேடு ஏறினதுமே எனக்குத் தெரியும். தொப்பி சரிஞ்சு விழுந்துச்சு, கீழ தலையணை."

"தெரிஞ்சுமா போனீங்க?"

"நீ பின்னாடி இருந்தவரைக்கும் சொல்ல வாயே வரல. இல்லன்னதும் வந்துச்சு. ஒரு தடவை முழுசா சொல்லிப் பழகிட்டுத் திரும்பலாம்னு பாத்தேன். திரும்பினா எல்லாப் புல்லும் ஒரே மாதிரி இருக்கு. நெஞ்சே நின்னுடுச்சு. அந்தப் பயத்துல பழகினதெல்லாம் மறந்துபோச்சு."

பிறகு, கண்ணாடியும் தலையணையும் இல்லாமல், என்னிடமே சொன்னார். முழுதும் உனக்குத் தேவையில்லை. "அளக்க அங்கயும் நிலம் இருக்கில்ல" என்பது கடைசி வரி. ஆகவே மேலே எழுதியதில் தண்ணீரையும் பெட்ரோலையும் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடு. உன் மனைவி பின்சீட்டுக்குப் போனால் தடுக்காதே. தலையணை ஒன்று எடுத்துக்கொள். பெரியதாக.