மான் வேட்டைக்கு அரிசி சுமந்த கதை

திட்டம் போடும்போது எந்த மனிதனும் பத்துக் கிலோ மெலிந்தவன். அவனுக்கு முழங்கால் நோகாது, மூச்சு வாங்காது, மனைவி மறுப்புச் சொல்லமாட்டாள். பலெர்மோவில், ஒரேத்தோப் பக்கத்து மூன்றாம் மாடி வீட்டில், குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, நோர்வே மலைகளில் காட்டுத் துருவமான் வேட்டைக்கு நான் திட்டம் போட்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது. (அந்த மூன்று மாடியையும் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறித்தான் ஏறுவேன். அதைக் கொப்பியில் எழுதவில்லை.)

ஆசையைக் கிளப்பியவர் என் சகலன் நேசன். மனைவி வசந்தியின் தங்கையைக் கட்டியவர். நோர்வேக்குப் போய் முப்பது வருடமாகிறது. ஒருநாள் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். மரம் ஒன்றுகூட இல்லாத மலைமுதுகு, பாசி பிடித்த கல், சாம்பல் வெளிச்சம். அதன் மேல் நூறு மான்கள் ஒரே உடம்பாய்ச் சாய்ந்து ஓடின. காற்றுக்குக் கொம்பு முளைத்தால் அப்படித்தான் ஓடும். பதினேழு தடவை பார்த்தேன். எனக்கும் அந்த மந்தைக்குள்ளே சேர்ந்து ஓடவேண்டும் போலிருந்தது. அது நடக்காதாகையால் வேட்டைக்குப் போவதென்று முடிவெடுத்தேன். கவிதை எழுதுகிறவனின் தர்க்கம் இப்படித்தான் வேலை செய்யும்.

"ஓம், வாரும்," என்றார் நேசன். "ஆனால் துவக்கு உமக்குத் தரேலாது. அதுக்கு இஞ்சை சோதினை இருக்கு, சுட்டுக் காட்டவேணும், பெர்மிட் எடுக்கவேணும். நீர் சுமக்கலாம்."

"என்னத்தைச் சுமக்கிறது?"

"இறைச்சியை. மான் விழுற இடத்துக்குக் கார் வராது. வெட்டி முதுகிலை கட்டிக்கொண்டு ஏழெட்டு மணித்தியாலம் நடக்கவேணும். ஆளுக்கு இருபத்தைஞ்சு கிலோ. ஏலாது எண்டால் இப்பவே சொல்லும், வேறை ஆள் பாக்கிறன்."

நேசனிடம் ஏலாது என்று சொல்வதற்குப் பதில் நான் அந்த மானையே உயிரோடு சுமந்திருப்பேன்.

எனக்கு மூன்று காரியம் ஆகவேண்டியிருந்தது. உடம்பைத் தேற்றவேண்டும். நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவிடம் பத்து நாள் லீவு வாங்கவேண்டும். படுக்கையில் கிடக்கும் அவருடைய அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு வசந்தியிடம் சொல்லவேண்டும். கடைசியைக் கடைசிக்குத் தள்ளினேன். காரணம், அந்த வருடம் மான் வேட்டை தொடங்கும் நாளும் ஊரிலே நல்லூர்க் கோயில் திருவிழாவும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்திருந்தன. பலெர்மோவில் இருந்தாலும் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது. (மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் ஊர்ச் சொல்.) கொடியேறின வீட்டில் நின்றுகொண்டு "நான் மான் வெட்டப் போறன்" என்று சொல்லும் தைரியம் என் திட்டத்தில் இருக்கவில்லை.

ஆகவே விடியற்காலையில் வெளிக்கிடுவதற்கு ஒரு சின்னப் பொய் சொன்னேன். "டொக்டர் நடக்கச் சொன்னவர்."

"ஏன், என்னவாம்?"

"ஒண்டுமில்லை. நடக்கட்டாம்."

நடப்பதற்குப் பலெர்மோவில் ஒரு மலைதான் உண்டு. பெல்லெகிரினோ. மேலே குகைக்குள் இந்த நகரைக் காக்கும் புனிதை, சாந்தா ரொசாலியா அம்மா இருக்கிறா. எங்கள் சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு ஏறுகிற மலை. நாங்கள் சைவமா கிறிஸ்தவமா என்று அவ கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அந்தப் பழைய கல்பாதையில், ரயில் ஸ்தாசியோனே பக்கத்துத் தமிழ்க் கடையில் வாங்கிய ஐந்து கிலோச் சிவப்பரிசிப் பை ஒன்றை முதுகில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினேன். வாரத்துக்கு ஒரு பை கூட்டினேன். கீழே கடல் தகடாய் எரிய, வியர்வை கண்ணை மறைக்க, நான் நோர்வேயில் நடந்துகொண்டிருந்தேன்.

இதற்கிடையில் நேசன் இன்னொன்றும் சொல்லிவைத்தார். காட்டுமான் மனித வாசத்தை வெகு தூரத்திலேயே பிடித்துவிடுமாம். நான் என் கையை மணந்து பார்த்தேன். சீரகம், உள்ளி, நல்லெண்ணெய். இந்தக் கையோடு போனால் மான் சுவீடனுக்கு ஓடிவிடும். அன்றே கறியை விட்டேன். அவித்த உருளைக்கிழங்கு, வெறும் சோறு. வசந்தி கணவாய்க் கறி வைத்த நாளிலும் கோப்பையைத் தள்ளிவைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். பொறாமையோடு பார்க்கிறாள் என்று நினைத்தேன். (என் இடுப்பு அப்போது குறையத் தொடங்கியிருந்தது.)

ஐந்து பையும் ஏறிய நாள், மேலே போய்க் குகைக்குள் விழாத குறையாக இருந்து, மூச்சு வரும்வரை முகத்தைக் கையால் பொத்திக்கொண்டேன். நிமிர்ந்தால் முன்னால் பரமேசக்கா. வியா மக்வேதாத் தெருவில் வீட்டுவேலை செய்பவ. பலெர்மோத் தமிழர் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதலில் அறிபவ.

"தம்பி, என்ன நேர்த்தி?"

ரொசாலியாவின் முகத்துக்கு நேரே மான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"சொல்லக்கூடாத நேர்த்தி, அக்கா."

அதற்குப் பிறகு உலகம் திடீரென்று என்மேல் அன்பாய்ப் பொழிந்தது. பஸ்ஸில் எழும்பி இடம் விட்டார்கள். அரிசிக் கடைக்காரர் பையைத் தானே தூக்கி என் முதுகில் வைத்துத் தோளைத் தடவினார். லீவு கேட்க நான் வாயைத் திறக்குமுன் சின்யோரா என் இரண்டு கையையும் பிடித்து, எத்தனை நாள் வேண்டுமோ எடு, அப்பாவை நான் பார்க்கிறேன் என்றார். கண்ணில் நீர். வேட்டைக்காரனுக்குரிய கம்பீரம் எனக்குள் வந்துவிட்டது, அதுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்று நம்பினேன்.

அடுத்த ஞாயிறு. மூன்றாவது வளைவில் எனக்கு முன்னால் ஒரு பதினைந்து பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண் கல்லிலே முழந்தாளில் ஊர்ந்து போனாள். யாரோ பாவம், பெரிய கஷ்டம்போல என்று பாதையை விட்டு ஒதுங்கினேன். அவள் திரும்பினாள். வசந்தி. பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு என் மகள் அபி.

"எப்பவாம்?" என்றாள் வசந்தி.

நேசன் வீட்டார் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இனி மறைத்து என்ன?

"ஆவணிக் கடைசியிலை. நேசன் எல்லாம் ஒழுங்குபடுத்திறார்."

பரமேசக்கா தலையில் கைவைத்துக்கொண்டு கல்லில் இருந்துவிட்டா. "ஐயோ, அதுக்கிடையிலை அதையும் ஒழுங்குபடுத்திப்போட்டாங்களே."

"அப்பா," என்றாள் அபி, "நீங்கள் ஒஸ்பெதாலேக்குப் போகேல்லையா? எல்லாரும் நீங்கள் சாகப்போறீங்கள் எண்டு கதைக்கினம்."

நடை சொன்ன டொக்டர், தள்ளிவைத்த கணவாய், சொல்லக்கூடாத நேர்த்தி எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து எனக்கு விளங்கிய அந்தக் கணத்தில், முதுகிலிருந்த இருபத்தைந்து கிலோ ஐம்பதானது.

"எனக்கு வருத்தம் ஒண்டுமில்லை," என்றேன். (எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய்.) "நான் மான் வேட்டைக்குப் போறன்."

பதினைந்து பேரும் என் முதுகைப் பார்த்தார்கள். பரமேசக்காதான் எழும்பி என் பையைத் திறந்து பார்த்தா.

"இது அரிசி."

"ஓம்."

"அம்மாவுக்கோ?"

"மானுக்குப் பதிலா, அக்கா. பழக்கத்துக்கு."

பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார். வசந்தி எழும்பினாள். நல்லகாலம், வெறுங்காலோடு வந்திருந்தாள், கையில் எடுக்கச் செருப்பு இல்லை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனுசன். துவக்குக்குப் பின்னாலை போகவோ உந்தச் சுமை?"

"துவக்கு நேசன்ரை. நான் இறைச்சி மட்டும்தான்."

"இறைச்சியோ? நான் நேற்றே நேர்ந்துபோட்டன். உங்களைக் காப்பாத்தினால் நீங்கள் சாகும்வரைக்கும் மச்சம் தொடமாட்டீங்கள் எண்டு."

"நீர் நேர்ந்தால் நீரெல்லோ விடவேணும்?"

"நான் சாகப்போறன் எண்டு ஆரும் சொல்லேல்லையே."

"எனக்கு வருத்தமே இல்லையப்பா. எதிலையிருந்து காப்பாத்தினவ?"

"இருந்ததோ இல்லையோ, இப்ப இல்லைத்தானே," என்றாள். "அவ காப்பாத்திப்போட்டா."

பதினைந்து தலைகளும் ஆடின. "தம்பி, சாமியோடை வழக்குப் பேசாதையும்," என்றா பரமேசக்கா.

பேச எனக்கு இன்னும் நிறைய இருந்தது. அப்போதுதான் அவளுடைய முழங்கால்களைப் பார்த்தேன். தோல் உரிந்து, கல்மண்ணும் இரத்தமும் ஒட்டியிருந்தன. இரண்டு வளைவு அவள் அப்படியே வந்திருக்கிறாள், நான் செத்துப்போகக் கூடாதென்று. நான் பையைத் தோளில் ஏற்றினேன். மிச்ச மலையை அவளுக்குப் பின்னால் நடந்து ஏறினேன். அது எந்த நோர்வேயைவிடவும் உயரமாக இருந்தது.

நேசன் வேறு ஆள் பார்த்தார். அரிசியைச் சமைத்து அந்தப் பதினைந்து பேருக்கும் கத்தரிக்காய்க் குழம்போடு போட்டோம். சின்யோராவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டு, சிலுவை போட்டு, அற்புதம் என்றார். இன்றும் அதில் மாற்றமில்லை.

இந்த ஏழு வருடமாய் நான் மச்சம் தொடவில்லை. ஒவ்வொரு புரட்டாதியும் நேசன் மான் இறைச்சிக் கோப்பையைப் படமெடுத்து அனுப்புகிறார், நான் புடலங்காயைப் படமெடுத்துப் பதில் போடுகிறேன். எனக்குப் புதிதாக எந்த ஆசை முளைத்தாலும் வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான், மான் வருத்தம். போன மாதம் குசினி மேசையில் இருந்து, ஐஸ்லாந்துக் கடலில் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளை மெதுவாகத் தேடிக்கொண்டிருந்தேன். வசந்தி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அபி," என்றாள், "கொப்பருக்கு மான் வருத்தம் திரும்பிட்டுது. பாலும் தயிரும் விடுவார் எண்டு நான் இன்னும் நேரேல்லை எண்டு சொல்லு."