சாமியாரைச் சுட்ட எல்ஸி

இந்தத் தவக்காலத்தில் என் வீட்டில் துப்பாக்கிச் சத்தமே கேட்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். இந்த ஸ்டானிஸ்லாஸ் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். நடக்குமா என்பது வேறு விஷயம்.

போன ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் பங்குச் சாமியார் என் ஐந்து வயது மகள் எல்ஸியின் தலையில் கை வைத்தார். அவள் விரலை நீட்டி, "டுமீல்! செத்தடா! அவுட்டு லா!" என்று அவர் வயிற்றிலேயே சுட்டுவிட்டாள். நல்ல மனுசன். சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஊரே பார்த்தது. எனக்குத்தான் உயிர் போனது.

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது. என் மச்சான் ஆம்புரோஸ் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டி.வி. கேம். ஒயரைச் சொருகினால் டி.வி.க்குள் டாங்கி ஓடும், பிளேன் பறக்கும், குண்டு வெடிக்கும். பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்தே ரவுடியாகிவிட்டாள்.

பெட்டி எவ்வளவு கெட்டது என்று நானே தனியாக உட்கார்ந்து ஆராய்ந்தேன். அம்மாடி! என்ன சொல்வது! இங்கே கட்டைவிரலை அழுத்துகிறேன், அங்கே டாங்கி வெடிக்கிறது. இடப்பக்கம் என்றால் இடப்பக்கம், வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். கல்யாணமாகி இந்த வீட்டில் நான் சொன்னதைக் கேட்ட முதல் ஜீவன் அந்த டாங்கிதான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதனால் திட்டம் இது: எல்ஸி தவக்காலத்துக்குக் கேமை விட்டுவிட வேண்டும். பெட்டி அலமாரிக்குள். சாவி என் இடுப்பில். ஆராய்ச்சி மட்டும் தொடரும்.

விபூதிப் புதன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சாயங்காலம் இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் நின்று, ஈஸ்டர் வரைக்கும் யார் எதை விடப்போகிறோம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான்.

"அகதா, எல்ஸி கேமை விடணும்," என்றேன் என் மனைவியிடம்.

"ஏன்?"

"அது பிள்ளைங்களுக்கு வெறியேத்துது. சாமியாரையே சுட்டுட்டா!"

"அதுதான் வெறியேத்துதுன்னு எப்படித் தெரியும்?"

"ஆராய்ச்சி பண்ணேன்."

"அதானே பாத்தேன். நான் பாசார்ல காய்கறி வாங்கிட்டு வந்து தொட்டா டி.வி. இட்லிப்பானையாட்டம் சுடுது."

நான் படத்தைப் பார்த்தேன். இயேசுவும் என்னையே பார்த்தார்.

"சரி, எல்ஸி அப்பா. நீங்க சொல்றதும் நியாயம்தான். இப்பவே ரெண்டு பேரும் ஆடுங்க. யாருக்கு வெறி ஏறுதோ, அவங்க ஈஸ்டர் வரைக்கும் தொடக் கூடாது. படத்துக்கு முன்னால சொல்லுங்க, சம்மதமா?"

வலிய வந்து மாட்டுகிறாளே, பாவம் என்று நினைத்தேன். "சம்மதம்!" என்றேன். படத்துக்கு முன்னால். சத்தமாக.

ஆட்டம் தொடங்கியது. எல்ஸியின் டாங்கி மெதுவாக வந்து என்னைச் சுட்டது. மறுபடி சுட்டது. எனக்கு ஜிவ்வென்று ஏறியது.

"ஏய், ஒளிஞ்சு நின்னு சுடுறியா? அலாமாக், அட கடவுளே! வாடா! நேருக்கு நேர் வாடா!" முக்காலி உருண்டது. காலையில் கோயிலில் பூசிய நெற்றிச் சாம்பல் வியர்வையில் மூக்குவரை இறங்கிவிட்டது. கடைசியாக ஒரு குண்டு அவள்மேல் பட்டது. நான் துள்ளி எழுந்தேன்.

"டுமீல்! செத்தடா! அவுட்டு லா!"



"எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே," என்றாள் அகதா.

எல்ஸி என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். "கோபப்படாதீங்கப்பா. செத்தாலும் மறுபடி எந்திரிச்சிரலாம்."

"ஈஸ்டருக்கு எந்திரிப்பாரு," என்று கையை நீட்டினாள் அகதா. சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், தாயும் மகளும் டி.வி.க்கு முன்னால். அகதா ஆடுவதை அன்றுதான் பார்த்தேன். கத்தவில்லை, அசையவில்லை. அப்பளம் பொரிப்பதுபோல ஒவ்வொரு பிளேனாக இறக்கிக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் வாயைப் பிளந்து நின்றேன். இப்படி ஒரு வீராங்கனையோடா இத்தனை வருசம் வாயாடிக்கொண்டிருந்தேன்?

"நீ எப்ப பழகுன?"

"நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப," என்றாள், திரும்பாமலே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. அதே வாசல், அதே ஊர். சாமியார் கொஞ்சம் தள்ளியே நின்றார். எல்ஸி கைகூப்பி, "தோத்திரம் சாமி," என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அடடே! இப்ப யாரையும் சுடுறதில்லையா?"

"நான் வீட்டுல மட்டும்தான் சுடுவேன் சாமி. அப்பாதான் சுடக் கூடாது. அம்மா சாவிய வாங்கிட்டாங்க."

ஊரே என் பக்கம் திரும்பியது. இந்த முறை இரண்டு கையையும் தூக்கியவன் நான்.