பதினேழாம் நம்பர் டோக்கன்

பட்டாபிராமன் ஸ்டோர் நிர்வாக மாலை வகுப்பு முடிந்து, புனேயை ஒட்டிய நிக்டியில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது, அவனுடைய வேலையே சமையலறையில் ஒரு கிண்ணத்துப் புளித்தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"அம்மு! என்னடி பண்றே?"

"டோக்கன் தேய்க்கறேன் மாமா. ஒரே கறுப்பு. சீ, கந்தா, அழுக்கு!" என்றாள் அக்கா மகள், எட்டு வயது அம்மு. அவள் தம்பி பிரணவ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று, தேய்த்ததை எல்லாம் தன் பனியனில் துடைத்துக்கொண்டிருந்தான்.

பட்டாபி ஒன்றை எடுத்துப் பார்த்தான். திகைத்துப்போனான். போசரியில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலையின் டூல் ஸ்டோரில் அந்த மாதிரி நாற்பது பித்தளை டோக்கன்கள் உண்டு. தொழிலாளி டோக்கனைக் கொடுத்துவிட்டுத் துளைக்கும் கருவியையோ அரத்தையோ வாங்கிப் போவான். திருப்பிக் கொடுத்தால் டோக்கன் திரும்பக் கிடைக்கும். ஒரு துளை, ஒரு நம்பர், இருபது வருஷத்து கிரீஸ். அவ்வளவுதான் அதன் அழகு. இப்போது உள்ளங்கையில் இருந்தது நகைக்கடைக்காரர் கண்ணாடிக்கு அடியில் வைக்கிற சாமான் போல இருந்தது.

"இதையெல்லாம் எதுக்குடா ஆத்துக்குக் கொண்டு வந்தே?" என்றாள் அக்கா லீலா.

"நாளைக்குத்தான். பட்ஜெட்டுக்கு."

மறுநாள் வியாழக்கிழமை, போசரி பட்டறைகளுக்கு வார விடுமுறை. மும்பை நெடுஞ்சாலையில் புதிதாகத் திறந்திருந்த தண்ணீர்ப் பூங்காவுக்குப் போவதாக ஏற்பாடு. அத்திம்பேர் விச்சுவுக்கு லீவு இல்லை. உத்தரவு மட்டும் கொடுத்திருந்தார்: குழந்தைகள் ஞாபகார்த்தமாக என்ன வாங்கினாலும் சரி, மொத்தம் எண்பது ரூபாய்க்குள். அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் இன்னொரு பூங்காவில் பிரணவ் தன் பங்கு நோட்டுகளை நிக்கர் பையில் வைத்துக்கொண்டு குளத்தில் குதித்து, அவற்றைக் கூழாக்கினான். அப்புறம் கடை வாசலில் புரண்டு அழுதான். அவனை எழுப்புவதற்கு ஆன செலவில் பஸ் காசும் போய், குடும்பமே ஒரு தக்காளி டெம்போவில் ஊர் திரும்பியது.

"பித்தளை தண்ணியில கரையாதுக்கா. ஒரு டோக்கன் பத்து ரூபா. ஆளுக்கு நாலு. நூல்ல கோத்துக் கழுத்துல மாட்டிடலாம். எது வேணும்னாலும் டோக்கனை என்கிட்ட கொடுக்கணும், நான் காசு கொடுப்பேன். தீர்ந்துட்டா தீர்ந்துடுத்து. அழுகைக்கு இடமே இல்லை."

லீலா தம்பியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். "வகுப்புல இதெல்லாமா சொல்லித் தரா?"

"மூணாவது பாடம்."

சொன்னவன் காலண்டரைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை காலை அந்த நாற்பதும் முதலாளி முன்னால் இருந்தாக வேண்டும். நாட்கர்ணி சாஹேப் டூல் ஸ்டோருக்குள் வந்தவர் அல்ல. வாசலில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய டோக்கன்களைத் தூரத்திலிருந்தே பார்த்து, "இந்தக் குப்பையைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடு. இனிமே பிளாஸ்டிக் அட்டை. வெள்ளிக்கிழமை நாற்பதையும் எண்ணிக் காட்டு. எண்ணிக்கை சரியா இருந்தா உன் பெர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து" என்று சொல்லியிருந்தார். பதினொரு மாதமாக அந்தக் கையெழுத்துக்குத்தான் பட்டாபி காத்திருந்தான்.

வியாழன் போகும், வியாழனே திரும்பும் என்று மூன்று தடவை தனக்குள் சொல்லிக்கொண்டான். நான்காவது தடவை சொல்லும்போது சந்தேகம் வந்தது. நிறுத்திக்கொண்டான்.

பூங்காவைப் பார்த்ததும் சந்தேகம் எல்லாம் மறந்துபோயிற்று.

பட்டாபி கடலைப் பார்த்ததில்லை. அங்கே சாதுவாகக் கிடந்தது ஒரு பெரிய குளம். மணி அடித்தது. எங்கோ யாரோ ஒரு பொத்தானை அழுத்தினார்கள். குளத்தின் அடியிலிருந்து ஒரு மூச்சு கிளம்பி, தண்ணீர் முதுகை நிமிர்த்தி எழுந்து, ஆயிரம் பேரை ஒரே சமயத்தில் தூக்கி, ஒரே சமயத்தில் இறக்கியது. ஆயிரம் பேரும் ஒரே குரலில் 'ஓ' என்றார்கள். அவனும் சொன்னான். கரையில்தான் நின்றான், ஆனாலும் சொன்னான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடலை வரவழைத்துத் திருப்பி அனுப்பும் அந்த மனிதனைத் தேடிப் போய், "எத்தனை அலைன்னு கணக்கு எழுதுவேளா?" என்று கேட்டான். அந்த ஆள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மணியை அடித்தான்.

பிற்பகல் இரண்டு மணிக்கு நினைவு வந்து குழந்தைகளைத் தேடினான்.

பிரணவ் தலையில் தொப்பி. கையில் தண்ணீர்த் துப்பாக்கி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இடுப்பில் முதலை வடிவத்தில் காற்றடித்த வளையம்.

"யாருடா வாங்கிக் கொடுத்தா?"

"அம்முவோட துக்கான்" என்றான் பிரணவ்.

கடை, நிஜமாகவே கடைதான். சாய்வு நாற்காலி ஒன்றில் அம்மு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பந்து, விசிறி, சின்ன வாளி, பட்டுத்தலைமுடி வைத்த ஒரு பெரிய பொம்மை. அவள் கழுத்தில் நூல் மட்டும் இருந்தது.

"டோக்கன் எங்கேடி?"

"அதலா-பதலி பண்ணிட்டேன் மாமா, மாத்திண்டேன். எல்லாரும் 'ஹே குடே மிளாலா, எங்கே கெடச்சுது'ன்னு கேட்டா. அந்த அண்ணாவோட ரோல் நம்பர் நாலு, அவனுக்கு நாலாம் நம்பர். அவன் தொப்பி கொடுத்தான். இருபத்திரெண்டாம் நம்பர் கொடுத்ததுக்கு முதலை."

"எட்டும் போச்சா?"

"சாமான் வாங்கத்தானே மாமா கொடுத்தே? நீ பத்து ரூபாதான் தருவேன்னே. அவாள்ளாம் ஜாஸ்தி தந்தா."

மூன்றாவது பாடத்தில் இதற்குப் பதில் இல்லை.

முதலில் தொப்பிக்காரப் பையனைப் பிடித்தான். "தம்பி, தொப்பியை வாங்கிண்டு டோக்கனைக் கொடுத்துடு" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினான். பையன் டோக்கனை முஷ்டிக்குள் மூடினான். இவ்வளவு பெரிய ஆள் கெஞ்சுகிறான் என்றால் சாமான் லேசுப்பட்டதல்ல என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. "தொப்பியும் வேணும், ஐஸ்கிரீமும் வேணும்" என்றான். பட்டாபி கொடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த முதலைக்காரப் பெண், முதலையோடு இரண்டு ஐஸ்கிரீம் கேட்டாள். மூன்றாவது டோக்கனுக்கு ராட்டினச் சீட்டு வேண்டியிருந்தது. எண்பது ரூபாய் அத்தோடு காலி.

"ஒவ்வொருத்தரா தேடிண்டிருந்தா பொழுது போயிடும். மைக்ல சொல்லச் சொல்லு" என்றாள், குளத்திலிருந்து ஈரப் புடவையோடு ஏறி வந்த லீலா.

அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. ஒலிபெருக்கி மராத்தியிலும் இந்தியிலும் முழங்கியது: "நம்பர் போட்ட பித்தளை டோக்கன் வைத்திருப்பவர்கள் உடனே அலுவலகத்துக்கு வரவும். பரிசு உண்டு!"

பரிசு என்ற வார்த்தையைப் பட்டாபி சொல்லவே இல்லை. அறிவிப்பாளர் தன் பங்குக்குச் சேர்த்தது.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் அலை வராமலேயே ஜனம் எழுந்தது. ஈர உடையோடு ஒரு வரிசை. ஒருவர் கையில் செருப்பு லாக்கர் சாவி. ஒருவர் கோயில் செருப்புக் கடை வில்லையை நீட்டினார். ஒரு மாமா தன் பெல்ட் பக்கிளைக் கழற்றி, "இதுவும் பித்தளைதான், பாருங்க" என்றார். டோக்கன் இல்லாதவர்கள் டிக்கெட் ஜன்னலுக்குப் போய், "எங்களுக்கு மட்டும் ஏன் டோக்கன் தரலை? முழு டிக்கெட் வாங்கியிருக்கோம்!" என்று சண்டை பிடித்தார்கள். மேலாளர் ஓடி வந்து பட்டாபியின் தோளைத் தொட்டு, பயமும் பணிவுமாக, "சார், நீங்க எந்தக் கம்பெனி விளம்பரம்?" என்று கேட்டார்.

கூட்டத்துக்குள் இருந்த நான்கு உண்மையான டோக்கன்களை மீட்பதற்குள் பஸ் காசு போயிற்று. லீலாவின் கைப்பைக்குள் இருந்த சின்னப் பர்ஸும் இளைத்துவிட்டது.

பட்டாபி எண்ணினான். ஏழு. மறுபடி எண்ணினான். ஏழு.

"பதினேழு எங்கே அம்மு?"

"அது மஞ்சள் ஃபிராக் போட்ட பொண்ணு வாங்கிண்டா. பொம்மை கொடுத்தாளே, அவ. 'பதினேழுதான் என் பர்த்டே'ன்னு குதிச்சா. மைக்ல சொல்றதுக்கு முன்னாடியே பெரிய வெள்ளைக் கார்ல போயிட்டா."

பட்டாபி நெடுஞ்சாலையைப் பார்த்தான். நூறு வெள்ளைக் கார்கள் போய்க்கொண்டிருந்தன.

முட்டைக்கோஸ் ஏற்றிய டெம்போ ஒன்றில்தான் திரும்பினார்கள். லீலா மூட்டை மேல், மடியில் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். லோனாவ்லா தாண்டியதும், "போன வருஷம் தக்காளிடா. நசுங்கித்து. இது பரவாயில்லை, கெட்டியா இருக்கு" என்றாள். பட்டாபிக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு மணி நேரம் முன்னதாகவே டூல் ஸ்டோருக்குப் போனான். மினுமினுத்த ஏழு டோக்கன்களையும் கழிவு எண்ணெயில் போட்டு, இரும்புத்தூளில் புரட்டி, பழையபடி கறுப்பாக்கினான். அம்முவின் ஒரு மாலைப்பொழுது உழைப்பு இரண்டு நிமிஷத்தில் மறைந்தது. மற்றவற்றோடு கோணிப்பைக்குள் கொட்டிக் குலுக்கினான். எது பூங்காவுக்குப் போய் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. முப்பத்தொன்பது. சட்டைப்பையில் மன்னிப்புக் கடிதம் இருந்தது. இரண்டு பக்கம், காரணங்களுக்கு நம்பர் போட்டிருந்தான்.

நாட்கர்ணி சாஹேபின் அறைக்குள் கோணியைச் சுமந்து போனான். மேஜை மேல், அவர் பேனாவுக்குப் பக்கத்தில், அவனுடைய ஆர்டர் கையெழுத்துக்காகத் திறந்து கிடந்தது.

"சாஹேப்… எண்ணிக்கையில ஒரு சின்ன…"

"அதைக் கீழே வை, கிரீஸ் ஒட்டிக்கும். எத்தனை?"

"முப்பத்தொன்பது, சாஹேப்." கடிதத்தை எடுத்து நீட்டினான். "ஒண்ணு… காரணம் எழுதியிருக்கேன்…"

அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. பட்டாபியையும் பார்க்கவில்லை. அன்று அவர் முகத்தில் அவன் இதுவரை பார்த்திராத ஒரு சாந்தம் இருந்தது. "அந்தக் குப்பையில ஒண்ணு குறைஞ்சா என்ன? விடு" என்று பேனாவை எடுத்து, அவன் பதினொரு மாதம் காத்திருந்த கையெழுத்தை ஒரே கிறுக்கலில் போட்டார்.

ஆர்டரை வாங்கிக்கொண்டு திரும்பப் போனவனை அவர் குரல் நிறுத்தியது.

"நில்லு. நீ நாள் முழுக்கப் பித்தளையோட இருக்கறவன். உனக்குத்தான் தெரியும். கதவைச் சாத்து."

சாத்தினான். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெல்வெட் நகைப்பெட்டியை எடுத்தார். இரண்டு கையாலும், கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு, மெல்லத் திறந்தார். ஜன்னல் வெயில் உள்ளே விழுந்தது. நீல வெல்வெட்டின் நடுவே பொன்னாகப் பளபளத்தது ஒரு வட்டம். அதில் ஒரு துளை. ஒரு நம்பர்.

பட்டாபி குனிந்து பார்த்தான். பதினேழு. உண்மையிலேயே அது அழகாகத்தான் இருந்தது.

"நேத்து பூங்காவுல என் பொண்ணு வாங்கினா. இருநூறு ரூபா பொம்மையைக் கொடுத்து வாங்கியிருக்கா. முதல்ல திட்டினேன். அப்புறம் இதைக் கையில எடுத்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை" என்றார் நாட்கர்ணி சாஹேப், கிட்டத்தட்ட கிசுகிசுப்பாக. "இந்த விளிம்பைப் பாரு. இந்த எழுத்தைப் பாரு. உண்மையைச் சொல்லு பட்டாபி, இந்த மாதிரி ஒண்ணை நம்ம பட்டறையில என்னிக்காவது செய்ய முடியுமா?"