மழையில் வந்த தங்கமும் குண்டண்ணனும்

கிரிக்கெட் பிடிக்காதவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் அந்த விளையாட்டு தனக்கே நேரில் வந்து துரோகம் செய்துவிட்டதாக நம்பிய ஒரே பிரகிருதி, வரதய்யபாளையத்து ஹாஸ்டலில் எங்கள் தலையெழுத்தாக வந்து சேர்ந்த குண்டண்ணன்தான்.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஆள் ஊதுவத்தி. பள்ளிக்கூடத்தில் குண்டு எறிந்தாராம், மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தாராம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் குண்டை எறிந்தாரா, குண்டு அவரை எறிந்ததா என்பதில் எங்களுக்குச் சந்தேகம் உண்டு. "மொத்தம் எத்தினி பேருண்ணா எறிஞ்சீங்க?" என்று கேட்டால், "அது இன்னாத்துக்கு இப்போ?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

சொந்த ஊர் குடிபாலா. எங்கள் எல்லோரையும் போல, ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, சரக்கு தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவார். ஷிப்டு முடிந்து வந்தால் நேராக டிவிக்குத்தான். உலகத்தின் எந்த மூலையில் யார் ஈட்டி எறிந்தாலும் இவர் இங்கே மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை சங்கிலிக்குண்டு எறியும் போட்டியைப் பார்த்தபடி சாப்பிட்டவர், எறிகிறவன் சுழன்றபோது தானும் சுழன்று, சாம்பாரை நான்கு பேர் மேல் சமமாகப் பங்கிட்டார். மன்னிப்பு கேட்கவில்லை. "ஃபவுலுடா அது!" என்றுதான் வருத்தப்பட்டார்.

கிரிக்கெட்டை ஆசியப் போட்டியில் சேர்த்ததுதான் அவருடைய பெரிய மனக்குறை. "ஒருத்தன் ஓடறான், ஒருத்தன் தாண்டறான், ஒருத்தன் அவன் எடைக்கு ரெண்டு பங்கு தூக்கறான். அவனுங்க பக்கத்துல, பவுண்டரியாண்ட கைய கட்டிகினு நின்னவனும் வந்து தங்கம் குடுன்னா, இன்னாடா நாயம்?" என்பார். எங்கள் கம்பெனி கிரிக்கெட் அணிக்கு நான் கேப்டன். அதனால் இந்தப் பிரசங்கம் பெரும்பாலும் என் தட்டுக்கு நேராகத்தான் நடக்கும்.

சீனாவில் நடந்த ஆசியப் போட்டியின் கிரிக்கெட் இறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை வந்தது. ஹாஸ்டலே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆப்கானிஸ்தான் பேட்டிங் செய்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. கடைசியில், தரவரிசையில் மேலே இருப்பதால் இந்தியாவுக்குத் தங்கம் என்று அறிவித்தார்கள். நாங்கள் விசிலடித்துக் குதித்தோம்.

குண்டண்ணன் எழுந்து நின்றார். "நம்மாளு மட்டைய தொட்டானா?"

"இல்லண்ணா."

"ஒரு ரன்னு?"

"மழைண்ணா. இன்னா பண்றது?"

"அப்போ தங்கத்த மேகத்துக்கு போய் குடுங்கடா!" என்றவர், நான் நீட்டிய மைசூர்பாகைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். தேசத்துக்குத் தங்கம் கிடைத்த நாளில் குப்புறப் படுத்துக் கிடந்த ஒரே இந்தியக் குடிமகன் அவராகத்தான் இருப்பார்.

அதோடு போயிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

சில மாதம் கழித்து, சுற்றுவட்டாரக் கம்பெனிகள் சேர்ந்து விளையாட்டுப் போட்டி வைத்தன. ஓட்டம், கபடி, கயிறு இழுத்தல், கூடவே கிரிக்கெட். எங்கள் அணி இறுதிக்குப் போனது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே பாவத்துக்காகக் குண்டண்ணனை ஸ்கோர் எழுத உட்கார வைத்தார்கள். யார் சொன்ன யோசனை என்று கேட்காதீர்கள். நான்தான்.

சத்தியவேட்டு மைதானத்தில் ஆட்டம். எதிரணி பேட்டிங் செய்யும்போதே கொட்டித் தீர்த்தது. போட்டியை நடத்திய அதிகாரி விதிகளைப் புரட்டிவிட்டு, "பாயிண்ட்ஸ்ல மீரே டாப். ரூல் பிரகாரம் மீரே வின்னர்!" என்று தெலுங்கில் எங்களையே வெற்றியாளர் ஆக்கிவிட்டார். அடுத்த நிமிடமே எனக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணுக்குப் போன் போட்டுத் தங்கப் பதக்கம் என்று சொல்லிவிட்டேன். அவளும் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். ஸ்கோர் எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"போட மாட்டேன்" என்றார் குண்டண்ணன்.

"அண்ணா, கல்யாண விஷயம்ணா!"

"உனுக்கு மழையா பொண்ணு குடுக்குது? வெளாடி ஜெயிடா!"

ஸ்கோர் புத்தகத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனார். தொலைந்தார் என்று நினைத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு வாளியோடும் ஒரு பஞ்சு மெத்தையோடும் வந்து இறங்கினார். மெத்தை என்னுடையது. அதைப் பிட்ச்சில் விரித்து, மேலே ஏறி மிதித்து, தண்ணீரை வாளியில் பிழிந்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் ஊற்றினார். தூறல் நிற்கவில்லை, அவரும் நிற்கவில்லை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் எதிரணி ஆட்கள் வந்து வாளி தூக்கினார்கள். வெட்கப்பட்டு நாங்களும் தூக்கினோம். நாலு மணிக்கு வானம் வெளுத்தது. அதிகாரி வேறு வழியில்லாமல் எட்டு ஓவர் ஆட்டம் என்றார்.

நாலு ரன்னில் தோற்றோம். கடைசியாக ஸ்டம்ப் பறக்க அவுட்டானவன் நான். அதை என் பெயருக்கு நேராக முத்து முத்தான எழுத்தில் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டு, "வெள்ளிடா. ஆடி வாங்கன வெள்ளி. சோக்கா கீது" என்றார். அந்தப் பேனாவைப் பிடுங்கி அவரைக் குத்தாமல் விட்டது என் வாழ்நாளின் பெரிய சாதனை. பெண்ணுக்கு மறுபடி போன் போட்டேன். ஒரே நாளுக்குள் தங்கம் எப்படி வெள்ளியாகும் என்று அவள் கேட்டாள். முதலில் அந்த ஸ்டேட்டஸை எடு என்றேன்.

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் அவர் எழுந்திருக்கும் நிலையில் இல்லை. மழையில் நனைந்தது காய்ச்சலாகித் தூக்கிப் போட்டது. சத்தியவேட்டு டாக்டர், திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிடுங்கள் என்றார். ஹாஸ்டலில் எல்லோருக்கும் ஷிப்டு. எனக்குத்தான் வார விடுமுறை. என் விதியை நொந்துகொண்டு அவரைப் பஸ்ஸில் ஏற்றினேன்.

காய்ச்சலிலும் வாய் ஓயவில்லை. "ஒலிம்பிக்குலயும் சேத்துட்டானுங்களாமே... அங்க மழ பேஞ்சா எவன்டா தண்ணிய எடுப்பான்?"

"நீதான் போவணும். எம் மெத்தைய எடுத்துகினு போ. மூடிகினு தூங்குண்ணா."

ஏதோ முணுமுணுத்தபடியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தலை கொதித்தது. குண்டை எறிந்த அந்தக் கை, என் முழங்கால்மேல் குச்சி மாதிரிக் கிடந்தது.

காளஹஸ்தி தாண்டியதும் முன்சீட்டில் ஒருவர் செல்போனில் ஏதோ மேட்சை அலறவிட்டார். கடைசி ஓவர், ஆறு பந்தில் ஒன்பது ரன். பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது. நான் எட்டி அந்த ஆளின் தோளைத் தட்டி, சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.