"வுய்" சொல்லி வாங்கின டை

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
ஞாயிறு மத்தியானம்

பெருமதிப்பிற்குரிய றெக்ஸ் அத்தானுக்கு,

மைத்துனன் வின்சன்ட் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் மனைவி றோஸ்மேரியும் நலம். ஸ்காபரோவில் தாங்களும் அக்காவும் அவ்வண்ணமே இருக்க மன்றாடுகிறோம்.

நிற்க. தாங்கள் துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தை விட்டு விலகியபோது எனக்களித்த, சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதில் திரும்ப ரவை செய்யும் இயந்திரம் தொடர்பாகவே இக்கடிதம். றிவோல்வர் ரவைக்குக் கோதின்ர வாயை உள்ளுக்கு உருட்டி மடிக்கிற டை எண்ட அச்சுத்தான் வேணும், இல்லாட்டிக் குண்டு அசையும் எண்டு நீங்கள் ஃபோனில சொன்னது ஞாபகம். நானும் அதைத்தான் வாங்கப் போனன். கடைக்காரர் பிரெஞ்சில நீட்டா ஏதோ கேட்டார், ஒண்டும் விளங்கேல்லை, பின்னால சனம் நிக்குது, நான் ஓம் எண்டதுக்கு "வுய்" எண்டிட்டன். பிறகுதான் தெரிஞ்சுது, அவர் கேட்டது, உருட்டி மடிக்கிறதோ, சும்மா சாய்வா நெருக்கிறதோ எண்டாம். தந்தது நெருக்கிற டை, அது பிஸ்டலுக்குப் போதுமாம், றிவோல்வருக்குக் காணாதாம். எனக்கென்ன தெரியும், ரவையெல்லாம் பளபளவெண்டு வடிவா வந்துது. நேற்றுக் கழகங்களுக்கிடையில போட்டி. ரெண்டு வெடி திறம். மூண்டாவதோட, துவக்கு உதறின உதறலில மிச்ச ரவையளின்ர குண்டெல்லாம் முன்னுக்கு நழுவி வெளியால எட்டிப் பாக்குது, றிவோல்வரின்ர உருளை சுத்தாது. சொல்லித்தந்தபடி துவக்கை இலக்குப் பக்கமே பிடிச்சுக்கொண்டு கையைத் தூக்கினன். பொறுப்பதிகாரி அம்மா முழுப்பேரையும் நிப்பாட்டினா. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பாக்கினம்.

"இந்த ரவை ஆர் செய்தது?" எண்டு இங்கிலீசில கேட்டா.

"மெஷின் என்ர அத்தான்ர" எண்டன். பொய்யில்லைத்தானே.

பின்னால நிண்ட றோஸ்மேரி, தான் வேலை செய்யிற கார்டெரியில, பிள்ளைகள் காப்பகத்தில, பிள்ளையளோட கதைச்சுப் பழகின பிரெஞ்சில சொன்னா: "மெஷின் அவற்ற. வுய் இவற்ற."

அந்த அம்மா சிரிச்ச சிரிப்பில எங்கட அணி தோத்தது கூடப் பெரிசாத் தெரியேல்லை. ஆனா எனக்கு மனம் விட்டுப் போச்சு, அத்தான். இனி இந்தப் பக்கமே தலைவைச்சுப் படுக்கமாட்டன். மெஷினைப் பெட்டியில கட்டிப்போட்டன், நாளைக்கு பஸ்ஸில அனுப்புறன்.

அக்காவுக்கும் உங்களுக்கும் தேவமாதா துணை நிற்பாராக.

தங்கள் பணிவுள்ள,
வின்சன்ட்

பி.கு (வியாழன்): பெட்டி வராது. செவ்வாய்க்கிழமை றோஸ்மேரி தானே கடைக்குப் போய், தானே கதைச்சு, சரியான டையை வாங்கி வந்திட்டா. அவ செய்த ரவை ஒண்டும் அசையேல்லை. இப்ப கழகத்தில சேரப் பெயரும் குடுத்திட்டா. நான் கோது பொறுக்கிறன்.