சேட்டும் சப்பாத்துமாக ஓடியவன்

உடற்பயிற்சி மனிதனைக் களைக்க வைப்பதில்லை. அதை நாலுபேர் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கம்தான் களைக்க வைக்கிறது. என் வெட்கமோ பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனம் கடை போட்டிருக்கும் லா ஷப்பலில் அரைத் தெருவையே ஓட வைத்தது.

அப்போது ரூ லூயி-பிளாங்கில் ஒரு தொலைபேசிக் கடையில் எனக்கு வேலை. வேலை என்றால் உட்கார்ந்திருப்பது. (நாற்காலி எழும்பினால்தான் நானும் எழும்புவேன்.) நாற்பது வயதில் சீனி ஏறிவிட்டது. தினமும் அரைமணி நேரம் ஓடு, இல்லையென்றால் குளிசைதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மனைவி அன்றே நீலக் கோடு போட்ட ட்ராக் சூட் ஒன்று வாங்கி வந்தாள். அதைப் போட்டுக்கொண்டு தெரிந்த சனத்துக்கு முன்னால் தொந்தியைக் குலுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு மகா யோசனை கண்டுபிடித்தேன். வேலைக்குப் போகிற சேட்டும் கறுப்புச் சப்பாத்துமாகவே ஓடுவது. பார்க்கிறவர்கள் பஸ் பிடிக்க ஓடுகிறேன் என்று நினைக்கட்டும்.

மத்தியான இடைவேளையில் ரூ பெர்தொனே வழியாக ஓடத் தொடங்கினேன். தெரிந்தவர்கள் கண்டுவிட்டார்களா என்று நாலடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற இளைஞர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பார்த்த திசையையும் பார்த்தார்கள். அடுத்த நொடி கோப்பைகள் நிலத்தில் கிடந்தன. ஊரில் யுத்தம் முடிந்து புதிதாக வந்து, வதிவிட அனுமதிக் கார்ட் இல்லாமல் காத்திருந்தவர்கள் அந்நாட்களில் அங்கே நிறையப் பேர். தமிழன் ஒருவன் பின்னால் பார்த்துப் பார்த்து ஓடினால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: பொலிஸ் மறித்துக் கார்ட் கேட்கிறது.

"கோந்த்ரோல்" என்று யாரோ சொன்னது கேட்டது. என்னிடம் கார்ட் இருந்தது. கால்களுக்கு அது ஞாபகம் வரவில்லை. இன்னும் வேகமாக ஓடினேன்.

கால்வாய்க் கரையில் இருந்த மரவாங்கு ஒன்றில் போய் விழுந்தேன். பின்னாலேயே ஒருவன் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் இருந்தான். பெயர் நேசன் என்று பிறகுதான் தெரியும்.

"போயிட்டாங்களோ, அண்ணை?" என்றான்.

"ஆர்?"

"பொலிஸ்."

"நான் காணேல்லையே."

"அப்ப ஏன் ஓடினனீங்கள்?"

"சீனி வருத்தம், தம்பி. டொக்டர் ஓடச் சொன்னவர்."

அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவனோ தன் தோளைத் தடவிப் பார்த்து அப்படியே வெளிறிப்போனான். பையைத் தேத்தண்ணிக் கடையில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். அகதி வழக்கின் 'தொசியே' என்கிற கோப்பு முழுவதும் அதற்குள்தான். ஊரிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பித்த மூலப் பத்திரங்கள். மறுநாள் காலை லோயரிடம் கொடுக்க வேண்டும். அது தொலைந்தால் வழக்கும் தொலைந்தது.

என் தொந்தியின் மானத்துக்காக ஒருவனுடைய வாழ்க்கையை மேசையில் விட்டுவர வைத்துவிட்டேனே! இரண்டுபேரும் திரும்ப ஓடினோம், அவன் முன்னால், நான் பின்னால். (நான் அவனைத் துரத்திக் கலைக்கிறேன் என்று நினைத்து ஒரு வெள்ளைக்கார அம்மா குடையை நீட்டி என்னை மறித்தார்.)

நான் போய்ச் சேர்ந்தபோது கடைக்கார அண்ணை பையை நெஞ்சோடு அணைத்தபடி காவலிருந்தார். நேசன் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முடித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"நாளைக்கு நானும் வாறன், அண்ணை. ஆனால் ஓடுறவன் மாதிரி உடுத்துக்கொண்டு வாங்கோ."

சொன்னபடி வந்தான். நானும் நீலக் கோட்டோடு போனேன். ஒருவரும் என் தொந்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சில மாதங்களில் சீனி இறங்கியது, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. நேசனுக்குக் கிடைத்தது வேறு. தொடக்கத்தில் பொலிஸ் காரைக் கண்டால் அவனுடைய கால் தானாகச் சந்துக்குள் திரும்பும். போகப் போக நிமிர்ந்து, நேரே பார்த்து ஓடப் பழகிவிட்டான். கார்ட் கையில் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான்.

இப்போதும் ஞாயிறு காலையில் வில்லியே லே பெல்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். நாங்கள் சப்பாத்துக் கட்டத் தொடங்கியதும் குசினியிலிருந்து மனைவி கேட்பாள்:

"இண்டைக்கு ஆர் கலைக்கினம்?"

"சீனி" என்பேன் நான்.

நேசன் அவசரப்படாமல் முடிச்சை இறுக்குவான்.

"என்னை ஒருத்தரும் இல்லை, அக்கா."